விண்கல மினியேச்சர்: செய்வதும் மாற்றுவதும்

1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கத்தில், தலைக்கு மேலே முடிவே இல்லாமல் நீண்டுகொண்டு போகுமே ஒரு போர்க்கப்பல், அதன் மினியேச்சர் சுமார் 91 செ.மீ. நீளம்தான். அது துரத்திப் பிடிக்கும் குட்டிக் கப்பலுக்குச் செய்த மினியேச்சர் அதைவிடப் பெரியது. கதையில் எது பெரியது, எது சிறியது என்பதெல்லாம் கேமராவுக்குத் தெரியாது. லென்ஸ் எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, மேற்பரப்பில் வேலைப்பாடு எவ்வளவு பொடியாக இருக்கிறது, இவற்றைத்தான் அது பார்க்கும்.

அலமாரியில் வைக்க மாடல் செய்து பழகியவர்கள் படத்துக்காகச் செய்ய வரும்போது இரண்டு பழக்கங்களை விட வேண்டியிருக்கும். எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி இழைப்பது ஒன்று. ‘முடிந்தது’ என்று நினைப்பது இன்னொன்று. படத்துக்கான மினியேச்சரைக் கடைசி ஷாட் எடுக்கும் வரை யாராவது மாற்றச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பிரிக்கவும் மாற்றவும் வசதியாகவே முதலிலிருந்து செய்ய வேண்டும். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

முதலில் ஷாட் பட்டியல்

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இந்தக் கலம் எத்தனை ஷாட்டில் வருகிறது? ஒவ்வொன்றிலும் கேமரா எந்தப் பக்கம், எவ்வளவு நெருக்கம்? ஜன்னலில் விளக்கு எரிகிறதா, என்ஜின் எரிகிறதா, ஏதாவது உடைகிறதா? இதற்கெல்லாம் பதில் எழுதினாலே வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஸ்டார் ட்ரெக் தொடருக்காக 1964இல் செய்யப்பட்ட 11 அடி என்டர்பிரைஸ் மினியேச்சரைப் பாருங்கள். அதை வலது பக்கத்திலிருந்து எடுப்பதுதான் வழக்கம். விளக்குகளுக்கான ஒயர்கள் இடது பக்கமாக வெளியே வந்து தொங்கின. அந்தப் பக்கத்தைத் திரையில் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் அதில் வேலையும் குறைவு. நீங்களும் தயங்காமல் இதைச் செய்யலாம். கேமரா பார்க்காத பக்கத்தைத் திறந்து மூடும் கதவாக விட்டுவிட்டால் உள்ளே கைவிட்டு ஒயரைச் சரிசெய்ய வசதியாகவும் இருக்கும்.

மிக நெருக்கமான ஷாட் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பெரிதாகச் செய்யுங்கள். முழுக் கலத்தையும் அந்த நுணுக்கத்தில் செய்ய முயன்றால் முடியவே முடியாது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு டிஸ்கவரி கலத்தை 54 அடியில் ஒன்றும் 15 அடியில் ஒன்றுமாகச் செய்தார்கள். உங்களுக்கு முழுக் கலம் ஒன்று, கதவோ காக்பிட்டோ மட்டும் பெரிதாக ஒன்று, அவ்வளவு போதும்.

அளவைத் தீர்மானிப்பது

முதல் கலத்துக்கு 60 முதல் 90 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். 30 செ.மீ.க்குக் கீழே போனால் லென்ஸ் மிக அருகில் வர வேண்டும். அப்போது மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழும். பார்ப்பவர் உடனே ‘பொம்மை’ என்று கண்டுகொள்வார். ஒரு மீட்டரைத் தாண்டினால் எடையும் இடமும் தொல்லை.

அப்புறம் விகிதம். கதையில் 100 மீட்டர் நீளமுள்ள கலத்தை 1/100 விகிதத்தில் செய்தால் 1 மீட்டர் வரும். அதில் அரை மீட்டர் அகல ஜன்னல் 5 மி.மீ., ஆள் நிற்கும் உயரம் 17 மி.மீ. சொச்சம். இந்த மூன்று எண்களையும் சுவரில் ஒட்டி வையுங்கள். ஜன்னல், கதவு, ஏணி, கைப்பிடிக் கம்பி, இவற்றை வைத்துத்தான் பார்ப்பவர் கலத்தின் அளவை ஊகிக்கிறார். இவற்றில் ஒன்று மட்டும் விகிதம் தவறினாலும் மற்றதெல்லாம் வீண்.

எலும்புக்கூடு

உள்ளே அலுமினியச் சதுரக் குழாயோ இரும்புக் குழாயோ ஓட வேண்டும். வெளி ஓடு எடையைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். படப்பிடிப்பின்போது கலத்தை ஒரு கம்பியில் மாட்டி நிறுத்துவோம். அந்தக் கம்பி கலத்துக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். கேமரா இடம் மாறினால் கம்பியும் மாற வேண்டும். ஆகவே பின்புறம், அடிப்புறம், ஒரு பக்கவாட்டு, முடிந்தால் மேற்புறம் என்று நான்கு இடங்களில் மாட்டும் துளை வையுங்கள். ஒவ்வொன்றிலும் குழாயோடு சேர்த்து ஒரு நட்டைப் பற்றவைத்தோ எபாக்சி என்ற வலுவான பசை போட்டோ இறுக்கிவிடுங்கள். பயன்படாத துளையை மூடச் சின்னக் காந்தம் வைத்த மூடிகள் போதும். அந்த மூடிமேலும் பாதி வேலைப்பாடு ஓடினால் அங்கே துளை இருப்பதே தெரியாது.

மூக்கு, என்ஜின், இறக்கை ஆகியவற்றை போல்ட் போட்டு மாட்டுங்கள். ஒட்ட வேண்டாம். இதன் அருமை பின்னால் தெரியும்.

மேல் ஓடு

பெரும்பாலோர் பயன்படுத்துவது ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் தகடு. 1 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. தகட்டை பிளைவுட் அல்லது அக்ரிலிக் சட்டங்கள்மேல் போர்த்துவது எளிய முறை. தகட்டை முழுதாக அறுக்கத் தேவையில்லை. இரும்பு அளவுகோலை வைத்து இரண்டு முறை கத்தியால் கீறி, வளைத்தால் நேராக ஒடியும்.

ஸ்டைரீனை ஒட்ட அதற்கென்று உள்ள திரவ சிமென்ட்தான் நல்லது. அது பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சூப்பர் குளூ சட்டென்று பிடிக்கும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. ஒரு தட்டு தட்டினால் துண்டு கையோடு வந்துவிடும். அதன் ஆவி பட்டால் ஒளிபுகும் பாகங்கள் வெளுத்துப்போகும், ஆகவே ஜன்னல் அருகே அது வேண்டாம். உள்ளே பருமனுக்குத் தெர்மகோல் வைப்பதாக இருந்தால், ஸ்ப்ரே பெயிண்டும் திரவ சிமென்டும் அதை அரித்துத் தின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

முப்பரிமாண அச்சு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வட்டமான என்ஜின் குழாய், ஒரே மாதிரி பன்னிரண்டு தேவைப்படும் பாகம், சிக்கலான வளைவு, இவற்றுக்கு அச்சு அருமையானது. 2019இல் தொடங்கிய ‘தி மண்டலோரியன்’ தொடருக்கு முப்பரிமாண அச்சுப் பாகங்களை வைத்து ஒரு கலத்தின் மினியேச்சரைச் செய்து படமெடுத்தார்கள். ஆனால் தட்டையான பெரிய பரப்பை அச்சில் எடுத்து, அடுக்குக் கோடுகள் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. அந்த நேரத்தில் தகட்டை வெட்டி ஒட்டிவிடலாம். ரெசின் (இறுகிப் பிளாஸ்டிக்காகும் திரவம்) அச்சு பயன்படுத்துவோர் இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடக் கூடாது. எந்த ரெசினைத் தேய்த்தாலும் முகமூடி வேண்டும்.

கிட்பேஷிங்

இந்தக் கலையின் சுவையான பகுதி இதுதான். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வாங்கி, அவற்றின் பாகங்களை வேறு வேலைக்குத் திருப்புவது. டாங்கி, போர்க்கப்பல், விமானம், லாரி என்று எது கிடைத்தாலும் சரி. 1972இல் வந்த ‘சைலன்ட் ரன்னிங்’ படத்துக்காகச் செய்த 26 அடி விண்கலத்தில் ராணுவ டாங்கி கிட்டுகளின் பாகங்கள் நூற்றுக்கணக்கில் போயின. டாங்கிக் கிட்டுகள் இவ்வளவு பிடித்துப்போகக் காரணம், அவற்றின் அடிப்பகுதியிலும் என்ஜின் மூடியிலும் போல்ட், தகடு, குழாய் எல்லாம் கூர்மையாக வார்க்கப்பட்டிருக்கும்.

பாகங்களைச் சட்டகத்திலிருந்து வெட்டி, கிட் வாரியாகப் பிரிக்காமல் வடிவ வாரியாகப் பெட்டிகளில் போடுங்கள். நீளமானவை, வட்டமானவை, பெட்டி போன்றவை, பொடிப்பொடியானவை. வேலை ஓடும்போது கை தேடுவது வடிவத்தைத்தான்.

புதிதாக வருபவர்கள் கையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒட்டிவிடுவார்கள். கலம் காயலான் கடை மாதிரி ஆகிவிடும். அதைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு. பெரிய வடிவங்களை முதலில் வைத்துக் கலத்தின் வெளிக்கோடு நன்றாக வருகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். பிறகு நடுத்தரப் பாகங்கள். பொடிகள் கடைசியில், அதுவும் பள்ளங்களிலும் இணைப்புகளிலும் மட்டும் கொத்தாக. கண் இளைப்பாற வெற்றுப் பரப்பு கட்டாயம் வேண்டும். அந்த வெற்றிடம்தான் பக்கத்தில் உள்ள பொடி வேலையைப் பெரிதாகக் காட்டும்.

ஒவ்வொரு குழாயும் எங்கிருந்தோ புறப்பட்டு எங்கேயோ போய்ச் சேர வேண்டும். அது எரிபொருள் குழாயா, குளிர்விக்கும் குழாயா என்று படத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் செய்தவர் மனதில் ஒரு காரணம் இருந்தால் பார்ப்பவருக்கும் அது ‘இயங்கும் பொருள்’ என்று தோன்றிவிடும்.

டாங்கிச் சக்கரத்தை அப்படியே வைத்தால் அது டாங்கிச் சக்கரமாகத்தான் தெரியும். பாதியாக வெட்டுங்கள், கவிழ்த்து வையுங்கள், மேலே இன்னொரு துண்டைப் போட்டு மறையுங்கள். எல்லாம் ஒட்டிய பிறகு முழுவதற்கும் ஒரே சாம்பல் நிறப் பிரைமர் அடியுங்கள். பல நிற பிளாஸ்டிக் ஒரே பொருளாக மாறும் அந்த நேரம் தனி மகிழ்ச்சி. அதுவே சோதனையும்கூட. சாம்பலில் பார்த்தும் ‘இது லாரியின் பம்பர்’ என்று தெரிந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் பாகத்துக்கு சிலிகோனில் வார்ப்பு அச்சு எடுத்து ரெசினில் வார்த்துக்கொள்ளலாம். தேவையைவிட நாலைந்து கூடுதலாகவே வார்த்து வையுங்கள். உடைந்தாலும் மாற்றம் வந்தாலும் கைகொடுக்கும்.

பேனல் கோடுகளை, அதாவது மேல் ஓட்டின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தியால் ஆழமாகக் கீறிய கோடு, விகிதத்தில் பார்த்தால் ஓர் ஆள் விழும் பள்ளம். 0.25 மி.மீ. தகட்டில் சிறு சிறு செவ்வகங்களை வெட்டி மேலே ஒட்டுவதே பெரிய கலத்துக்கு நன்றாக வரும்.

விளக்கு

மேல் ஓட்டைப் பொருத்தி மூடுவதற்கு முன்பே விளக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். இப்போது எல்லாம் எல்.இ.டி. என்பதால், பழைய ஹாலோஜன் பல்புபோலப் பிளாஸ்டிக்கை உருக்கும் பயம் இல்லை. ஆனாலும் அடைத்த பெட்டிக்குள் சக்தி வாய்ந்த எல்.இ.டி. சூடாகும், காற்றுப் போக ஒரு வழி வையுங்கள்.

மெல்லிய பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் கசியும். அதனால் உட்புறம் முதலில் கறுப்பு அடித்து, அது காய்ந்த பிறகு மேலே வெள்ளை அடியுங்கள். கறுப்பு கசிவை அடைக்கும், வெள்ளை ஒளியைப் பரப்பும். சின்ன ஜன்னல்களுக்கு ஒளியிழை, அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய இழை, நல்லது. அரை மி.மீ. துளை போட்டு, இழையைச் செருகி, வெளியே கொஞ்சம் நீட்டி விட்டு, பெயிண்ட் முடிந்தபின் ஓட்டோடு ஒட்ட வெட்டினால் பளிச்சென்று ஒரு புள்ளி கிடைக்கும். எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிய வேண்டாம். அங்கங்கே சில இருட்டாக இருந்தால்தான் உள்ளே ஆட்கள் இருப்பதாகத் தோன்றும்.

ஜன்னல், என்ஜின், சிக்னல் விளக்கு மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் கட்டாயம். ஏன் என்பது படப்பிடிப்புப் பகுதியில் வரும். இன்னொன்று, மலிவான டிம்மர்கள் எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டே வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிமிட்டல் கேமராவில் பட்டை பட்டையாக விழும். நேர்மின்னோட்டமும் ரெசிஸ்டரும் வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள்.

பெயிண்ட்

சுத்த வெள்ளையையும் சுத்த கறுப்பையும் ஒதுக்கி வையுங்கள். விளக்குக்கு முன் வெள்ளை படத்தில் அளவுக்கு மீறி வெளுத்துவிடும், விவரம் போய்விடும். வெளிர் சாம்பலை அடிப்படையாக வைத்து, அதில் ஒரு துளி நீலமோ மஞ்சளோ பழுப்போ சேர்த்து மூன்று நான்கு சாயல்கள் கலந்துகொள்ளுங்கள். மாஸ்கிங் டேப் போட்டு ஒவ்வொரு பேனலாக ஏர்பிரஷில் (காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) அடியுங்கள். சாயல்களுக்கிடையே வித்தியாசம் கையில் பார்த்தால் தெரியும் தெரியாத அளவுக்கு இருந்தால் போதும். கேமரா அதைத் தூக்கிக் காட்டும்.

அழுக்கும் தேய்மானமும் அடுத்தது. பள்ளங்களில் நீர்த்த அடர்நிறத்தை ஓடவிட்டுத் துடைப்பது, சாக் பொடியைத் தூரிகையால் தேய்ப்பது, புகைபோக்கிகளுக்குப் பின்னால் கருகலை மெல்லத் தெளிப்பது, இவ்வளவும் போதும். இதில்தான் எல்லோரும் எல்லை மீறுவார்கள். ஒரு மி.மீ. அகலப் பெயிண்ட் உரிசல், 1/500 விகிதத்தில் அரை மீட்டர். கலம் பெரிதாக ஆக ஆக அழுக்கு பொடியாகவும் மங்கலாகவும் ஆக வேண்டும்.

கடைசியில் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ். இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1979இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் படத்துக்காகச் செய்த 8 அடி என்டர்பிரைஸுக்கு முத்துபோல மினுங்கும் பெயிண்ட் அடித்தார்கள். நேரில் அவ்வளவு அழகு. அடுத்த படத்துக்கு அதை நீலத்திரைக்கு (பின்னணியைப் பிறகு மாற்றுவதற்காக வைக்கும் திரை) முன் நிறுத்தியபோது அந்த மினுமினுப்பில் நீலம் பிரதிபலித்தது, மங்கச்செய்யும் ஸ்ப்ரே அடிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் பச்சைத்திரை வைத்தாலும் இதே கதைதான். கலத்தில் திரையின் நிறமும் வரக் கூடாது.

கேமரா முன்னால்

விண்வெளியில் சூரியன் ஒன்று. ஆகவே கடினமான ஒரே விளக்கு, ஒரு பக்கத்திலிருந்து. எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட இருட்டு. மூன்று பக்கமும் மென்மையாக விளக்கு வைத்தால் கடைப் பொருளை விளம்பரத்துக்கு எடுத்ததுபோல் ஆகிவிடும்.

லென்ஸின் துளையை எஃப் 16, எஃப் 22 என்று சுருக்கினால்தான் மூக்கும் வாலும் சேர்ந்து தெளிவாக விழும். துளை சுருங்கினால் வெளிச்சம் குறையும், அதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளி விட வேண்டும். இதனால்தான் கலத்தை நிறுத்திவிட்டுக் கேமராவை மெதுவாக நகர்த்துகிறார்கள். கணினி கட்டுப்படுத்தும் மோஷன் கண்ட்ரோல் இருந்தால் அதே நகர்வைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். ஒரு முறை கலம் மட்டும், ஒரு முறை எல்லாம் இருட்டில் ஜன்னல் மட்டும், ஒரு முறை என்ஜின் மட்டும். பிறகு கணினியில் அடுக்கி ஒவ்வொன்றின் பிரகாசத்தையும் தனியே கூட்டிக் குறைக்கலாம். தனி சுவிட்ச் இதற்குத்தான்.

அந்த வசதி இல்லாதவர்கள் ஸ்லைடரில் ஃபிரேம் ஃபிரேமாக எடுக்கலாம். விநாடிக்கு வழக்கமான 24 ஃபிரேம் கணக்கில் 5 விநாடி ஷாட்டுக்கு 120 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஷட்டர் திறந்திருக்கும்போதே ஸ்லைடர் மெல்ல நகர்ந்தால் இயல்பான மங்கல் கிடைக்கும். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் நகர்வு துள்ளும்.

வெடிப்போ தூசியோ உள்ள ஷாட்டுக்கு மட்டும் வேகமாகப் படமெடுக்க வேண்டும். விகிதத்தின் வர்க்கமூலம் கணக்கு: 1/25 என்றால் ஐந்து மடங்கு, அதாவது விநாடிக்கு 120 ஃபிரேம்.

மாற்றச் சொன்னால்

சொல்வார்கள். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் நாஸ்ட்ரோமோ கலத்துக்கு முதலில் மஞ்சள் அடித்திருந்தார்கள். பிறகு இயக்குநர் ரிட்லி ஸ்காட் சொல்லி முழுவதையும் சாம்பலாக்கினார்கள். ஸ்டார் வார்ஸில் கதாநாயகர்களின் கலமாகச் செய்தது, அப்போது ஓடிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் கலத்தைப் போல இருக்கிறது என்று கைமாறி, முன்பகுதி மாற்றப்பட்டு, தொடக்கக் காட்சியில் துரத்தப்படும் கப்பலாகிவிட்டது. 1982இல் வந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தின் ஆய்வுநிலையம், முதல் படத்தின் விண்வெளி அலுவலகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, கொஞ்சம் மாற்றியது. பெரிய குழுக்களே இப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள்.

தொடுவதற்கு முன், பழைய வடிவத்தில் எடுக்க வேண்டிய ஷாட் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கை வைக்கவே கூடாது. எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பெயிண்ட் கலவைகளை எழுதி, மிச்சத்தைச் சின்னப் புட்டிகளில் பெயரொட்டி வையுங்கள்.

கழற்றும்போது எந்தப் பசை என்று தெரிந்திருக்க வேண்டும். சூப்பர் குளூ என்றால், துண்டு சிறிதாக இருந்தால், உறைபெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து நெம்பினால் பெரும்பாலும் விட்டுவிடும். திரவ சிமென்ட் என்றால் விடாது, அறுக்கத்தான் வேண்டும். பழைய அக்ரிலிக் பெயிண்டை எடுக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால், அதுவும் மறைவான ஓர் இடத்தில் சோதித்த பிறகு. அசிட்டோன் ஸ்டைரீனைக் கரைத்துவிடும். பழைய பெயிண்ட் மேலேயே அடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு முறையும் தடிப்பு ஏறி, பொடி வேலைகள் புதைந்துபோகும்.

வேறு கலமாக்க வேண்டும் என்றால் நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆட்கள் முதலில் அடையாளம் காண்பது வெளிக்கோட்டை. கறுப்பு நிழலாக மட்டும் பார்த்தாலும் வேறு கலம் என்று தெரிய வேண்டும். மூக்கு, என்ஜின், மேலே துருத்தும் ஏதாவது ஒன்று, இம்மூன்றையும் மாற்றினால் போதும். போல்ட் போட்டு வைத்திருந்தால் ஒரு மாலை வேலை. முன்பின்னாகவோ மேல்கீழாகவோ திருப்பிப் பார்ப்பதற்குக் காசே செலவில்லை.

அளவை மாற்றும் தந்திரமும் உண்டு. இருக்கும் ஜன்னல்களைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிட்டு, பாதி அளவில் புதிய துளைகள் போடுங்கள். அதே கலம் இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். ஆனால் ஏணி, கதவு, கைப்பிடி எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டும்.

சேதமடைந்த காட்சி என்றால் நல்ல கலத்தில் துளை போடாதீர்கள். அந்த இடத்து பேனலைக் கழற்றி, சேதப் பேனலை மாட்டும்படி செய்யுங்கள். கிழிந்த உலோகத்துக்கு மெல்லிய அலுமினியத் தகடு நன்றாகச் சுருளும். துளைக்குப் பின்னால் வெறும் இருட்டு இருந்தால் அட்டைபோலத் தெரியும், சட்டங்கள், தொங்கும் ஒயர், பாதி உடைந்த தளம் என்று ஏதாவது வையுங்கள். கருகல், ஓரத்தில் பழுப்பாகத் தொடங்கி உள்ளே கறுக்க வேண்டும்.

கடையில் வாங்கிய பிரபலமான கலத்தின் கிட்டை மாற்றிப் பயன்படுத்துவோர், அது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மாற்றியாக வேண்டும். வடிவத்துக்கு உரிமை கேட்டு வருவார்கள். பொடிப் பாகங்களுக்கு அந்தப் பிரச்சினை வருவதில்லை.

மேலே சொன்ன 11 அடி என்டர்பிரைஸ் 1974இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பல ஆண்டுகளில் பலர் மாற்றியும் மேலே பெயிண்ட் அடித்தும் வைத்திருந்த அதைச் சீரமைத்து 2016இல் காட்சிக்கு வைத்தவர்கள், 1967 ஆகஸ்டில் இருந்த நிலைக்குக் கொண்டுவர முடிவு செய்தார்கள். எந்த நிலை என்று ஒரு தேதியை முடிவு செய்யாமல் அந்த வேலையைத் தொடங்கவே முடியாது. உங்கள் கலத்துக்கும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தேதி போட்டுப் படங்களைத் தனித்தனியாக வையுங்கள். கழற்றிய மூக்கு, பழைய என்ஜின், காந்த மூடிகள், மிச்ச வார்ப்புகள், எல்லாவற்றையும் பெயரெழுதி ஒரே பெட்டியில் போடுங்கள். கலத்தை அதன் மாட்டும் கம்பியிலேயே நிறுத்தி, வெயில் படாமல் மூடி வைத்தால், தரையில் படுத்து இறக்கை வளையாது.